குவைத் கிழங்கு மெய்யே என்று நிரூபிக்கப்பட்டமை பற்றி

மோர்னிங்சைட், ஸ்காபரோ.
தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள்.

ஒஷாவாவில் வசிக்கும் என் மனைவியின் தமையனார், மதிப்புக்குரிய பஸ்ரியன் மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை ஜெயமலரும் சுகம். உங்கள் தோள்மூட்டு நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இக்கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, கதிரையில் இருந்தபடி வாசிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் இடையில் சிரிப்பீர்கள்.

விஷயம் இதுதான்: நான் புழுகன் அல்ல.

நான் குவைத்தில் தண்ணீர் பவுசர் லொறி ஓடிய காலத்தில், மாரி இடியோடு பெய்த வருடங்களில், மாசி மாதம் பாலைவன மணலுக்கு அடியில் இலையுமில்லாமல் வேருமில்லாமல் ஒரு காளான் உருளைக்கிழங்கு மாதிரி விளையும் என்றும், அதற்கு ஃபக்கா என்று பெயர் என்றும், என் முதலாளி வெள்ளை அங்கியின் முழங்கால் மண்ணாகப் பெண்சாதி பிள்ளைகளோடு குனிந்த தலை நிமிராமல் மணலில் வெடிப்புத் தேடித் திரிவார் என்றும் உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஒரு வெடிப்பை நான் முதலில் கண்டு குச்சியால் கிளறி எடுத்தபோது, வருடம் முழுக்க என்னை "ஏய் டிரைவர்" என்று கூப்பிட்ட அந்த மனிதர் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றுதான் முதன்முதலாக என் பெயரைச் சொல்லிக் "கிளிபோட்" என்றார். அங்கேயே நெருப்பு மூட்டி, வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வதக்கித் தந்தார். அப்படியே இறைச்சி ருசி! நீங்களோ, "இடி இடிச்சாக் கிழங்கு முளைக்குமோ?" என்று முப்பத்தைந்து வருடமாகச் சிரித்தீர்கள். குடும்பத்தில் யார் பொய் சொன்னாலும் அதற்குக் "குவைத் கிழங்கு" என்று பெயர் வைத்தீர்கள். என் மகள் ஜெசிகாவின் கலியாணத்தில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொன்னீர்கள். இன்றைக்கும் நான் நேரம் சொன்னால் சம்பந்தி தன் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்துக்கொள்கிறார்.

முந்தாநாள் வியாழன் பேரீச்சம்பழம் வாங்க லோறன்ஸ் அவெனியூவில் உள்ள அரபுக் கடைக்குப் போனேன். மூலையில் ஒரு மட்டைப்பெட்டியைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்று எதையோ எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடி மணந்துகொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், மச்சான், ஃபக்கா! என் உடைந்த அரபியில் "இது நான் மணலில் தோண்டி எடுத்த சாமான்" என்றேன். பஸ்ரா ஊர்க்காரர் ஒருவர், "உன் கையாலேயா?" என்று கேட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, தான் பொறுக்கி வைத்ததிலிருந்து மூன்றை எடுத்து, நான் வாங்கிய நாலோடு என் பையில் போட்டார். என்னைக் கொஞ்சமும் சந்தேகிக்கவில்லை அவர்.

வீட்டுக்கு வந்து ஜெயமலரிடம், "இதை நாளைக்குக் கறி வை, என்னெண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்" என்று கொடுத்துவிட்டேன். நேற்று எங்கள் வீட்டில் சிலுவைப்பாதைச் செபம். பன்னிரண்டு பேர். அவர்களைக் காரில் ஏற்றி இறக்குவதிலேயே என் பொழுது போனது. செபம் முடிந்து சாப்பாடு. கறி கறுத்து, எண்ணெய் மிதந்து, தூள் மணம் வீட்டை நிறைத்தது. செபக்குழுத் தலைவி குணவதி அக்கா ஒரு வாய் வைத்ததும் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கிளிபோட்! தவக்கால வெள்ளியிலை இறைச்சி தந்திட்டியே!"

"ஆடுதான் இது" என்றார் செபத்துக்கு வந்த யூட்சன், இன்னொரு துண்டை வாயில் போட்டபடி. "ஓம், ஆடுதான்."

நான் கதிரையில் ஏறி நின்றேன். "ஆடுமில்லை, மாடுமில்லை! மணலுக்குள்ளை விளையிற ஃபக்கா!" என்று கத்தினேன். ஒரு துண்டை வாயில் வைத்தேன். அதே ருசி மச்சான்! அதே பாலைவனம், அதே நெருப்பு! எல்லாருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். ஜெயமலர் ஆனந்தம் தாங்காமல் குசினிக்குள் போனாள். சட்டி வழித்துத் துடைக்கப்பட்டது. பன்னிரண்டு பேரின் கையெழுத்தையும் சாட்சியாக வாங்கி இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே, வரும் உயிர்ப்பு ஞாயிறு விருந்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, சம்பந்தி கேட்க, 'புழுகன்' என்ற சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். ஆண்டவர் உங்கள் தோள்மூட்டுக்குச் சுகத்தையும் நாவுக்குக் கொஞ்சம் அடக்கத்தையும் தந்தருள்வாராக.

என்றும் உண்மையே பேசும்,
கிளிபோட்.

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் இதை ஜெயமலருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, கோவிக்கக் கூடாது. அந்தக் கிழங்கு ஒரே மண் மணம், பழுதாப் போச்செண்டு நினைச்சன். ஆக்கள் வாற நேரம். அலுமாரிக்குள்ளை இறைச்சி மாதிரிச் செய்த சோயாமீற் பைக்கற் கிடந்தது. அதைத்தான் ஆக்கினன்."

"அப்ப கிழங்கு?"

"கறிவேப்பிலைச் சாடிக்குள்ளை தாட்டிட்டன். பசளைக்கு."

மச்சான், இது எனக்கும் ஜெயமலருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பேசாமல் உறையை ஒட்டியிருக்கலாம். கையும் அதற்குத்தான் போனது. ஆனால் புழுகன் அல்ல என்று நான் எழுதிய கடிதத்திலேயே புழுகினால், நீங்கள் சிரித்த முப்பத்தைந்து வருடமும் சரியாகிவிடும். அதனால்தான் இதையும் எழுதினேன். புழுகன் எழுதுவானா?

இப்போது கறிவேப்பிலைச் சாடிக்கு முன்னால் முழங்காலில் நின்று, மேசைக்கரண்டியால் தோண்டிவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன். நாலு எடுத்துவிட்டேன், முழுசாக. வெங்காயமும் வெண்ணெயும் தயார். ஜெயமலருக்குக் குசினியில் அனுமதி இல்லை. நோவோடு என்றாலும் கடிதம் கிடைத்த அன்றைக்கே வாருங்கோ. மூன்று இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அதை உங்களுக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். கரண்டி நான் தருவன்.