மாமியாருக்கு மலர்வளையம்

"வீட்டுப்பாடம் எங்கே?" என்று ஆசிரியை அரபியில் கேட்டார். மேஜர் எழுந்து விறைப்பாக நின்றார். பதில் மனதுக்குள் தயாராக இருந்தது. ஆனால் அது தாய்மொழியில் இருந்தது.

அந்த ராணுவ மொழிப் பள்ளியில் வாசல்படியைத் தாண்டிவிட்டால் அரபியைத் தவிர வேறு பேச்சு கூடாது. வயிற்று வலி என்றாலும் அரபியில்தான் வலிக்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்து, பள்ளியின் தலைவரான கர்னல் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அரபு நாட்டில் பல வருஷம் இருந்தவர் என்று அவருக்குப் பெயர். மறு வாரம் நடக்கவிருந்த வாய்மொழித் தேர்வில் அவர் தலையசைத்தால் மேஜருக்கு வெளிநாட்டு அமைதிப்படையில் வேலை, குடும்பத்தோடு. தலையசைக்காவிட்டால் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளியோடு பழைய படைப்பிரிவுக்கே திரும்ப வேண்டியதுதான்.

நேற்று மாமியார் வந்து ராத்திரி தங்கிவிட்டார், அதனால் பாடம் எழுதவில்லை. இதுதான் சொல்ல வேண்டியது. மேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பாத்தத் ஹமாத்தீ இந்தனா."

கடைசி பெஞ்ச் கிரீச்சிட்டது. கர்னல் எழுந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அல்லா யர்ஹம்ஹா," என்றார் கனத்த குரலில், ஆண்டவன் அவருக்கு இரங்கட்டும் என்று. பக்கத்திலிருந்த கேப்டனிடம் குனிந்து, தன் சட்டத்தையே தளர்த்தி, "யாரு?" என்று கேட்டார்.

"மாமியார், சார்."

"எல்லாரும் எழுந்திரிங்க. மௌன அஞ்சலி."

வகுப்பு எழுந்து நின்றது. ஆசிரியை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்களில் நீர் முட்டியது. மேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. பாத்தத் என்றால் ராத்திரி தங்கினாள். மாத்தத் என்றால் செத்துப்போனாள். உதடு எங்கோ காலை வாரிவிட்டிருக்கிறது.

"லா, லா!" என்று பதறினார். இல்லை, இல்லை.

கர்னல் அருகே வந்து தோளைத் தட்டினார். "மேஜர், மனசு ஏத்துக்காதுதான். ஏத்துக்கணும்."

"ஹிய ஃபில் மத்பக்!" அவர் சமையலறையில் இருக்கிறார் என்று கத்தினார் மேஜர்.

"அப்படித்தான் இருக்கும்," என்று கர்னல் பெருமூச்சு விட்டார். "நீங்க வீட்டுக்குப் போங்க. லீவை நான் பார்த்துக்கறேன்."

வராந்தாவுக்கு வந்ததும் மேஜர் அகராதியைப் புரட்டினார். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நாலு மாதப் படிப்பு, பெண்டாட்டி பிள்ளையிடம்கூடப் பேசாமல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு செய்த பயிற்சி, எல்லாம் சேர்ந்து ஒரு உயிரை எடுத்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கர்னலின் அறைக்கு நடந்தார். கதவு திறந்து ஒரு லெப்டினென்ட் வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னப்பா?"

"உச்சரிப்பு சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாரு, சார். நாளைக்குக் காலையில வண்டி."

மேஜர் திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

வீட்டில் மாமியார் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேஜர் மனைவியைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு இடுப்பில் கைவைத்தாள்.

"என் அம்மாவைக் கொன்னுட்டு வந்து நிக்கறீங்களா?"

"மெதுவாப் பேசேன். வாய் தவறிடுச்சு."

"ஏன், உங்க அம்மா பேர்ல தவறாதா அந்த வாய்?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் எப்போ செத்தேன், மாப்பிள்ளை?"

அவர் பதில் தேடுவதற்குள் தொலைபேசி ஒலித்தது. கர்னலின் உதவியாளர். "சார், கர்னல் இப்பவே கிளம்பி உங்க வீட்டுக்கு வராரு. மலர்வளையம் வண்டியில ஏத்தியாச்சு. ஆசிரியையும் கூட வராங்க."

போர் ஒத்திகையில் குண்டு விழுந்த இடத்தில் அசையாமல் நின்ற மேஜர், வரவேற்பறையில் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே அல்லாடினார்.

"அத்தை, கொஞ்ச நேரம் மாடி அறையில இருந்துக்கறீங்களா?"

"மாடிப்படி ஏற எனக்கு முட்டி ஒத்துக்காது."

"அப்போ பக்கத்து வீட்டுல?"

"செத்தவ எதுக்கு மாப்பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போகணும்? வரவங்களை நானே பார்க்கறேன். எனக்கு யார் யார் வருத்தப்படறாங்கன்னு தெரிய வேண்டாமா?"

"ஐயோ, உங்களை யாருன்னு சொல்றது?"

"தங்கச்சின்னு சொல்லுங்க. என்னைவிட அஞ்சு வயசு சின்னவ."

ஜீப் வந்து நின்றது. இரண்டு சிப்பாய்கள் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வர, பின்னால் கர்னல், அவருக்குப் பின்னால் கைக்குட்டையும் கையுமாக ஆசிரியை. அத்தை எழுந்து போய் மலர்வளையத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இவங்க... அவங்களோட தங்கச்சி, சார்," என்றார் மேஜர்.

அத்தை பூக்களைத் தடவிப் பார்த்தார். "நல்ல பூவாத்தான் வாங்கியிருக்கீங்க. அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்."

கர்னல் தலை குனிந்தார். "எப்படிப்பட்டவங்க, அம்மா?"

கேட்டிருக்கக்கூடாது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கமானவ. வாயில்லாப் பூச்சி. ஆனா இந்த மாப்பிள்ளை இருக்காரே, அவ வந்தா ஒரு வார்த்தை 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டது கிடையாது. புத்தகத்தை முகத்துக்கு நேரா வச்சுக்குவாரு. அவ போட்ட காபி ஆறி அவலாப் போகும்."

"அம்மா... சித்தி!" என்று மனைவி இடைமறித்தாள்.

"இரு, நான் சொல்லணும். பேரப்பிள்ளைங்க பிறந்தநாளுக்குக்கூட அவளைக் கூப்பிட மறந்துட்டாரு."

கர்னலின் பார்வை மேஜர் மேல் திரும்பியது. மேஜரின் காலர் நனைந்துவிட்டது. ஆசிரியை கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இத்தனை இளகிய மனசா என்று மேஜருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

திடீரென்று அத்தையின் குரல் இறங்கியது.

"ஆனா நேத்து ராத்திரி, இவர் அரபி பேசிப் பழகறதைக் கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. ஒரு மண்ணும் புரியலை. இருந்தாலும் கேட்டா. தொண்டை வத்திப்போற அளவுக்குப் படிக்கறாரே, பாவம், இது பலிக்கணும்னு வேண்டிக்கிட்டா. அதைச் சொல்லலாம்னு பார்த்தா, இவரு நிமிர்ந்தாத்தானே."

அத்தையின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. மேஜருக்கு மலர்வளையத்தைப் பார்க்கக் கூசியது.

கர்னல் தொண்டையைச் செருமினார். "மேஜர், உங்களைத் தேர்வுக்குன்னு மறுபடி அலைக்கழிக்க மனசில்லை. இங்கேயே வச்சுக்கலாம். போனவங்களைப் பத்தி நாலு வார்த்தை அரபியில சொல்லுங்க. அதுதான் உங்க வாய்மொழித் தேர்வு."

மேஜர் எழுந்தார். ஒரு பொய்யை இன்னொரு மொழியில் அழகாகச் சொன்னால் போதும். வெளிநாட்டு வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். அத்தை மடியிலிருந்த மலர்வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனால் போகட்டும் என்று நினைத்தார் மேஜர். உண்மையைச் சொல்வதுதான், அதையும் தேர்வு விதிப்படி அரபியிலேயே சொல்லிவிடுவது. உதடுகளைக் கண்ணாடி முன் பழகியதுபோல ஒவ்வொரு எழுத்துக்கும் வளைத்து, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார்.

"ஹமாத்தீ லம் தமுத்." என் மாமியார் சாகவில்லை. "ஹாதிஹி ஹிய." இதோ, இவர்தான் அவர். "அனா கதப்து." நான் பொய் சொன்னேன்.

சொல்லிவிட்டு, இடி விழக் காத்திருக்கிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

இடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கர்னலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆமீன்," என்றார் கர்னல். மேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு இரங்கலை நான் கேட்டதே இல்லை. எழுதிக்கோங்க மேடம், முழு மதிப்பெண்."

அத்தையை வணங்கிவிட்டு, சிப்பாய்கள் பின்தொடர ஜீப்பை நோக்கிப் போனார்.

மேஜர் அப்படியே இடிந்துபோய் நின்றார். உண்மையைச் சொன்னாலும் தன் வாயில் அது ஒப்பாரியாக மாறிவிடுகிறதே! கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன ஆசிரியையைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"மேடம், தயவுசெஞ்சு என்னை ஃபெயில் பண்ணிடுங்க. தங்கினதுன்னு சொன்னா செத்ததுன்னு கேக்குது. சாகலைன்னு சொன்னா இரங்கல்னு கேக்குது. இந்த உச்சரிப்பை வச்சுக்கிட்டு நான் அங்கே போனா ஒரு ஊரையே அழிச்சுடுவேன்."

ஆசிரியை ஈரக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜீப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அரபி அல்லாத ஒரு வாக்கியம் வந்தது.

"உங்க உச்சரிப்புல அப்பவும் குறையில்லை, இப்பவும் குறையில்லை, மேஜர், கர்னலுக்குத்தான் அரபி தெரியாது."