தூசி சார் நடத்திய ஆயுத பூஜை

இந்த உலகத்தில் தூசி என்று ஒன்று இல்லாமல் போனால், முதலில் உயிரை விடக்கூடிய மனிதர் எங்கள் தூசி சார்தான். பகையாளியே போன பிறகு மனிதர் எதற்காகக் காலையில் எழுந்திருப்பார்?

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், செனாயில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மரபணுவைப் படிக்கும் இயந்திரம் செய்கிறோம். நம் உடம்புக்குள் ஆண்டவன் எழுதி வைத்ததை எழுத்து எழுத்தாகப் படிக்குமாம். அதுவும் பல பேருடையதை ஒரே ஓட்டத்தில். பெற்ற மகனின் கையெழுத்தையே படிக்கத் தெரியாத நான்தான் அதற்கு ஸ்குரு முடுக்குகிறவன். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு. அதில் மினுங்கும் புள்ளிகளைக் கேமரா படம் பிடிக்கும். அந்தப் புள்ளிகள்தான் எழுத்து. நடுவில் ஒரு தூசி போய் உட்கார்ந்தால் படிப்பு கெட்டுவிடும். அதனால் இயந்திரம் பூட்டுவதற்கென்று ஒரு சுத்த அறை, அதனால் எங்களுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, அதனால் வாசலில் தூசி சார்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் அவர். உள்ளே போகிறவர்களைப் பார்க்க மாட்டார், மோப்பம் பிடிப்பார்.

"என்னா பத்மா, பவுடர் போட்டிருக்கியா?"

"இல்ல சார், இது என் சொந்தக் கலரு."

"சொந்தக் கலரு கழுத்தோட நின்னுருச்சா? போய்க் கழுவிட்டு வா லா."

நான் திருநீறு இல்லாமல் வீட்டு வாசல் தாண்டாதவன். தினமும் என் நெற்றிக்கு நேரே ஈரத் துணியை நீட்டுவார். "மணியம், சாமி உள்ளுக்குள்ளதான இருக்காரு? அப்புறம் வெளியில எதுக்கு இந்தப் பவுடரு?" பக்தியில் எனக்கே பாடம். துடைக்கும்போதெல்லாம் முருகனிடம் மனசுக்குள் சொல்லிவிடுவேன்: அப்பனே, துடைக்கிறது என் கை, பாவம் அவர் கணக்கு.

புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் அவரைக் கண்கொண்டு பார்க்க முடியாது. காட்டுத் தீயிலிருந்து கடல் தாண்டி வருகிற புகை தன்னிடம் அனுமதி கேட்காமல் வந்துவிட்டதே என்று வானத்தை முறைத்துக்கொண்டு நிற்பார். மகள் கல்யாணத்தில் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் மேசைக் காற்றாடியை வைத்தார். மஞ்சள் பறக்கும் என்று அட்சதையைக் கழுவி ஈரத்தோடு கொடுத்தார். மணமக்கள் மேல் சோறு விழுவதுபோல் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சம்பந்தி, இது கல்யாணமா, ஆப்ரேசனா?"

"ஆப்ரேசன்னா உங்கள உள்ளயே விட்டிருக்க மாட்டேன்," என்றார் தூசி சார்.

அப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. அதுவரை இயந்திரத்தின் பாகங்களை மட்டும் செய்துகொண்டிருந்தோம். முதல் தடவையாக ஒரு முழு இயந்திரத்தையும் செனாயிலேயே பூட்டி முடித்தோம். தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து ஓட்டிப் பார்ப்பார்கள். தேறினால் இனி எல்லாமே இங்கே. தேறாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிட்டு வேறு நாட்டுக்குக் கொண்டுபோவார்கள். இதை மேனேஜர் புன்னகையோடு சொன்னார். நல்ல மனிதர், எங்களை வீட்டுக்கு அனுப்பும்போதும் புன்னகையோடுதான் அனுப்பியிருப்பார். பத்மாவுக்குச் சிங்கப்பூரில் போய்த் தட்டு கழுவ வயசு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

சோதனைக்கு முதல் நாள் ஆயுத பூஜை. பூஜை போடலாமா என்று தூசி சாரிடம் போய்க் கேட்டேன்.

"சுத்த அறையில சாம்பிராணியா? ஐயோ, அலமாக், மணியம், என்னைக் கொன்னுட்டுப் போடு."

"சார், சாமி கும்பிடாம இத ஓட விட்டா எங்களுக்குக் கை ஓடாது. சாப்பாடு போடுற மெஷினு சார்."

பின்னால் பத்மாவும் மற்றவர்களும் வந்து நின்றுகொண்டார்கள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "சரி. ஆனா பூஜை நான் சொல்றபடி," என்றார்.

கோயிலிலிருந்து குருக்கள் வந்தார், உடம்பு முழுக்கத் திருநீற்றோடு. தூசி சார் இரண்டடி பின்வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். கால் மணி நேரத்தில் குருக்களைக் கழுவித் துடைத்து, வெள்ளை உடுப்பில் திணித்து, முகமூடி மாட்டி, கண் மட்டும் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டார். மந்திரம் முகமூடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கற்பூரத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு. எலுமிச்சம்பழத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. பூசணிக்காயைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு, கார் நிறுத்துமிடத்தில் உடைக்கச் சொன்னார். தொப்பென்று விழுந்து உள்ளேயே நசுங்கியது.

"சார், திருஷ்டி உள்ளயே மாட்டிக்கிச்சே," என்றார் குருக்கள்.

"இருக்கட்டும். வெளிய விட்டா பரவிரும்."

குங்குமத்தை மட்டும் தண்ணீரில் குழைத்து மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்தார். திறக்கக் கூடாது, காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. மறுபடி கை கால் கழுவி, புது உடுப்பு மாட்டி அறைக்குத் திரும்பினோம். குருக்கள் டப்பாவைக் காட்டினார். அத்தனை வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? மூடியைத் திறந்தார், விரலால் தொட்டார், இயந்திரத்தின் நெற்றியில் வைத்தே விட்டார்.

வெள்ளைப் பளபளப்பில் சிவப்பாக ஒரு பொட்டு.

தூசி சார் ஸ்பிரிட் துணியை எடுத்துக்கொண்டு இயந்திரத்திடம் போனார். நான் கண்ணை மூடி முருகா என்றேன். வைத்த பொட்டை அழிப்பதைச் சாவு வீட்டில் மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது துணி அவர் கையிலேயே இருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. பத்மாவின் கண் நிறைந்திருந்தது. அவர் துணியை மேசையில் வைத்தார். கண்ணாடி போன்ற ஒட்டுப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, பொட்டின் மேல் ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினார். தூங்குகிற பிள்ளையைத் தொடுவதுபோல் இருந்தது.

"இனிப் பறக்காது. போய் வேலையப் பாருங்க."

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் முதலில் கை வைத்ததே அந்தப் பொட்டில்தான். இது என்ன என்று கேட்டார். தூசி சார் ஆங்கிலத்தில், முகம் மாறாமல், "இது மட்டம் பார்க்கிற குறி. தொடாதீர்கள்," என்றார். அவர் பயபக்தியோடு கையை எடுத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் இயந்திரம் ஓடியது. அடுத்த நாள் முடிவு வந்தது. படித்த எழுத்தெல்லாம் சுத்தம், இயந்திரம் தேறிவிட்டது, வேலை இங்கேயே. வெள்ளைக்காரர் தூசி சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூசி சார் நேராகக் கை கழுவப் போனார். அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "என்னா பாக்குற மணியம், சோப்பு பட்டுருச்சு," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மனைவியோடு அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அதே குருக்கள். பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"முதல்ல தூசி சாருக்குச் செய்யுங்க சாமி. நட்சத்திரம் தெரியாது."

"யாரு, என்னைய மூட்டையாக் கட்டி வச்சாரே, அவருக்கா?"

"அவருக்குத்தான்."

"பேரு என்னான்னு சொல்றது?"

"தூசி சாருன்னே சொல்லுங்க."

"சாமிக்குப் புரியுமா மணியம்?"

"நம்மளவிட நல்லாவே புரியும்."

குருக்கள் சன்னதிக்குள் திரும்பி, அந்தப் பெயரைச் சொல்லிப் பூப் போட்டார். எனக்கென்று கேட்க நினைத்து வந்ததெல்லாம் அதன் பிறகு ஞாபகத்துக்கே வரவில்லை.