தூக்கக் கேப்டனும் வெறுந்தறியும்

தறி ஓடினால் தூங்கி, தறி நின்றால் விழித்துக்கொள்ளும் மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் வீட்டு மாடிக்கே வாடகைக்கு வந்து சேர்ந்தார்.

சின்ன ஊர்களுக்குப் பறக்கிற ஒரு கம்பெனியில் விமானம் ஓட்டுகிறவர். கோயமுத்தூரில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனி ஏசி அறை கொடுத்ததாம். வேண்டாமென்று சோமனூருக்கு வந்து, அதிலும் தறிக்கூடத்தை ஒட்டிய வீடாகப் பார்த்துப் பிடித்தார். தெரு வைத்த பெயர் தூக்கக் கேப்டன்.

"தறிக்காரன் பையனுங்க நானு. தறிக்குப் பக்கத்துலதான் தொட்டில் கட்டி வளத்துனாங்க. அந்தச் சத்தம் இல்லீனா கண்ணு மூடாதுங்கம்மா" என்றார். பக்கத்து வீட்டுப் பழனிச்சாமியின் தறிகள் சுவரையே பெயர்க்கிற மாதிரி அடிக்கும். எங்களுக்குக் காது போயிற்று. இவர் மட்டும் மேலே குறட்டை விடுவார்.

ஒரு நாள் தறிகள் நின்றன. நூல் கொடுக்கிற முதலாளிகள் கூலியை ஏற்ற மறுத்ததால் ஊரே தறியை நிறுத்திவிட்டது. நியாயமான போராட்டம்தான், எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கேப்டன் கண் சிவந்து கோழித் திருடன் மாதிரி மாடியில் உலாத்தினார். செல்போனில் தறிச் சத்தம் போட்டுப் பார்த்தார். "கட்டில் ஆட மாட்டீங்குதுங்களே" என்றார். சரியென்று நான் கிரைண்டரை ஓட விட்டேன். "அது ஒரே இழுவையா இழுக்குதுங்கம்மா. தறின்னா தாளம் போடோணும்." அந்த வாரம் தெருவுக்கே எங்கள் வீட்டு இட்லி மாவு.

அதே சமயத்தில் அவர் கம்பெனியிலும் சண்டை. இறங்கியவர்களை மூச்சு வாங்க விடாமல் திரும்ப ஏற்றி அனுப்பினார்களாம். பைலட்டுகள் பலர் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்கள். இவரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். "எங்கூர்ல தறி ஓடலீங்க, தூக்கமில்லீங்க, ப்ளேன் எடுக்க மாட்டேனுங்க" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். கம்பெனி கேலி என்றது. கூட ஓட்டுகிறவர்களோ, எங்கள் போராட்டத்தைச் சிரிப்பாக்கிவிட்டான் என்று திட்டினார்கள். உண்மை சொன்னவனுக்கு இந்த உலகத்தில் இரண்டு பக்கமும் அடி.

பொறுக்க மாட்டாமல் பழனிச்சாமியிடம் போய்க் கேட்டேன். "நூல் போடாம வெறுந்தறிய ஓட்டி உடு சாமி. துணி வந்தாத்தான அது வேலை?"

அவர் இதைச் சங்கத்துக்கே கொண்டுபோய்விட்டார். டீக்கடை வாசலில் கூட்டம் போட்டு, வெறுந்தறி ஓட்டுவது வேலையா இல்லையா என்று பெரிய கோர்ட்டு மாதிரி வாதாடினார்கள். அதற்குள் ஒரு வதந்தி வந்தது. கேப்டனின் விமானக் கம்பெனியைத் துபாய் சேட்டு வாங்கிவிட்டார் என்று முன்பு சொல்வார்கள். பிறகு உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி என்றார்கள். இப்போது, கூலி ஏற்றாத நம்மூர் நூல் முதலாளியே வாங்கிவிட்டாராம்.

பழனிச்சாமி திரும்பி வந்து சொன்னார்: "இவரு தூங்குனா ப்ளேன் பறக்கும். பறந்தா லாபம் அந்த மொதலாளிக்கு. நம்ம கரண்டுலயே எதிராளிக்குத் தாலாட்டுப் பாடச் சொல்றீங்களாக்கா?"

எனக்கு வயிறு எரிந்தது. பிறகு விசாரித்தால், அந்த முதலாளி வாங்கியது கம்பெனியை அல்ல. அதன் விமானத்தில் சென்னைக்கு ஒரு டிக்கெட். அதற்குள் சங்கம் வெறுந்தறியும் ஓடக் கூடாதென்று முடிவு கட்டியிருந்தது. கேப்டனாவது கோபப்பட்டாரா? "அவங்க சொல்றதும் நாயந்தானுங்கம்மா. எனக்கோசரம் அவங்க தறி ஓட்டக் கூடாதுங்க" என்றார். அவர்மேலும் எரிந்தது.

கடைசியில் கம்பெனி அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "நல்லா ரெஸ்ட் எடுத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க கேப்டன். யாருக்குத் தெரியப்போகுது?"

"பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதுங்க. அதனாலதான் போட மாட்டேங்கறனுங்க."

"அப்ப நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

இப்படிச் சொன்ன வாய், நான் கொடுத்த காப்பியை மட்டும் சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனது.

சில நாளில் கூலிப் பேச்சு முடிந்து தறிகள் ஓட ஆரம்பித்தன. கேப்டன் போனைச் சார்ஜ் போடச் சொல்லிக் கீழே கொடுத்துவிட்டு, மேலே போய் விழுந்தார். நடுப்பகலில் அந்தப் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்நிய ஆளோடு பேச எனக்கு நாக்கே எழாது. வேறு யாரும் வீட்டில் இல்லை, எடுத்தேன். அதே அதிகாரி.

"கேப்டனைக் கூப்பிடுங்கம்மா. வேலையைத் திரும்பக் கொடுத்தாச்சு. ஓட்ட ஆளில்லை, சாயங்காலம் ப்ளேன் எடுக்கணும்."

"தூங்கறாருங்க."

"எழுப்புங்கம்மா, அவசரம்."

"எழுப்ப மாட்டேனுங்க."

"நீங்க யாரும்மா இதைச் சொல்ல?"

"கீழ்வீட்டுக்காரிங்க. தூங்கோணும்னு சொன்னதுக்குத்தானுங்க வேலைய விட்டு நிறுத்துனீங்க? இப்பத்தான் தூங்கறாரு. எந்திரிச்சாத்தானுங்க உங்க ப்ளேனு."

போனை வைத்துத் திரும்பச் சார்ஜில் சொருகினேன். பக்கத்தில் தறி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்து, தலையெல்லாம் கலைந்து இறங்கி வந்தார். "போன் ஏதாச்சும் வந்துதுங்களாம்மா?"

"வந்துச்சு. மொதல்ல சோறு உண்டுபோட்டு அப்பறம் பேசு கண்ணு" என்றேன்.