நன்றியுரையில் விடுபட்ட முதலாளி

கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளைக்கு எழுதவும் தெரியும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களில் முதல் ஆள் எங்கள் தலைமை ஆசிரியை. இரண்டாவது ஆள் நான்.

ஏழாம் வகுப்பு வரை எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் எழுதியதெல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியதுதான். (முத்து முத்தாக இருக்கும். மூளைக்கு ஒரு வேலையும் இருக்காது.) எட்டாம் வகுப்புக்கு, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி பக்கத்து ஹைஸ்கூலில் சேர்ந்த கொஞ்ச நாளில் சுதந்திர தின விழா வந்தது. "நன்றியுரை நீயே எழுதிப் படிம்மா. ரெண்டு நிமிஷம் போதும்" என்றார் தலைமை ஆசிரியை. அந்த இரண்டாவது வாக்கியம் என் காதில் ஏறவில்லை.

அது சாதாரண விழாவும் இல்லை. எங்கள் பள்ளியில் பெண்களுக்குக் கதவு வைத்த பாத்ரூம் கிடையாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும் வரை நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். என் பெஞ்சில் உட்காரும் சரளா மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கே வரமாட்டாள். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் ஒரு சாயப்பட்டறை முதலாளி, பழைய மாணவர். அவர் மனம் குளிர்ந்தால் பாத்ரூம் கட்டித் தருவார் என்று பள்ளி முழுக்கப் பேச்சு.

என் நைனா, அதாவது அப்பா, பவர்லூம் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பம் அதுவரை எழுதிய ஒரே இலக்கியம் கல்யாணப் பத்திரிகை. எனவே அவரிடமே யோசனை கேட்டேன்.

"உங்க அத்த கல்யாணப் பத்திரிகையில சின்ன மாமன் பேரு உட்டுப்பூட்ச்சு. இன்னிக்கு வரிக்கும் அவன் நம்ம வூட்ல கை நனைக்கல. ஒருத்தர் பேரும் உடாம எழுது" என்றார்.

"முதலாளி பேரு எங்க போடறது நைனா?"

"கடசிலதான். விருந்துல பாயசம் எப்ப ஊத்துவாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து எழுதி முடித்தபோது அது நன்றியுரையாக இல்லை, வாக்காளர் பட்டியலாக இருந்தது.

விழாவில் எல்லோரும் பேசி முடித்ததும் மைக்கைப் பிடித்தேன். பந்தல் போட்டவருக்கு நன்றி. நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி. அதை வண்டியிலிருந்து இறக்கியவருக்குத் தனியாக நன்றி. கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்ட லைன்மேனுக்கு, மைதானத்தில் மேய விடாமல் ஆடுகளை வீட்டிலேயே கட்டிவைத்த ஆட்டுக்காரருக்கு... ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். (இதுதான் கடைசி என்ற நம்பிக்கையில் தட்டினார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.) "இறுதியாக" என்று மூன்று முறை சொன்னேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற நைனா மட்டும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பாயசம் இருந்த கடைசித் தாளைப் புரட்டினேன். அதற்குள் பொறுமையிழந்த பி.டி. சார் விசிலடித்துத் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார். அது தொடங்கிய பிறகு வாயைத் திறந்து நன்றி சொல்ல முடியுமா? கையில் முதலாளியின் பெயரை வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். பாடி முடித்ததும் முதலாளி விறுவிறுவென்று காரைப் பார்த்து நடந்தார்.

"ஆட்டுக்காரனுக்குக் கூட தேங்ஸ் சொன்னியேடி! பாத்ரூம் போச்சு" என்றாள் சரளா. திட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தாள்.

ஓடினேன். கார் கிளம்புவதற்குள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். தாளைப் பார்க்கத் தோன்றவில்லை.

"சார், பொண்ணுங்களுக்கு பாத்ரூம் இல்ல சார். காத்தாலேர்ந்து தண்ணி குடிக்காம கீறோம். நீங்க கட்டிக் குடுத்தா தெனமும் ஸ்கூலுக்கு வருவோம்."

அவர் என்னையே பார்த்தார். பள்ளி வளர்ச்சிக்கு உதவ வேண்டும் என்றுதான் அவரிடம் எல்லோரும் சொல்லியிருந்தார்களாம். பாத்ரூம் என்ற வார்த்தையை மேடையில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

"இதி முந்தே செப்பொச்சு கதம்மா?" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று தெலுங்கில் கேட்டவர், உடனே தமிழுக்கு வந்தார். "ஆட்டுக்காரருக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

பாத்ரூம் வந்தது, கதவோடும் தாழ்ப்பாளோடும். சரளா தினமும் வந்தாள். கோபித்துக்கொண்டு கிளம்புகிற நேரத்திலும் காரை நிறுத்திவைத்து ஒரு சின்னப் பெண் சொல்வதைக் கேட்ட அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இப்போது திருப்பதியில் ஒரு அலுவலகத்தில் கடிதம் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. யாருக்கு எழுதுகிறேன், அவரிடம் என்ன வேண்டும் என்று முதலில் யோசிக்கிறேன். அதை முதல் வரியிலேயே வைக்கிறேன். எட்டாம் வகுப்பில் நான் கற்றுக்கொண்ட எழுத்துக்கலை அவ்வளவுதான், அதுவே இன்றுவரை சோறு போடுகிறது.

வீட்டில் இது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. யாராவது சுற்றி வளைத்துப் பேசினால், "மொதல்ல பாத்ரூமச் சொல்லு" என்போம். புதிதாக வந்த மருமகன்கள் மிரண்டுபோவார்கள்.

போன மாதம் ஒரு காலையில், சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நைனா போன் செய்தார். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அவர் பிறகுதான் சொன்னார். நான் போனை எடுத்ததும் சொன்னது இது:

"அம்மா நல்லா கீறா, பயப்படாத. இதான் பாத்ரூமு. இப்ப கதையக் கேளு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.