காய்ச்சல் நானா தொட்டுப் பார்த்த எஞ்சின்

கொழும்பில் வண்டி திருத்துகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வண்டிக்காரனைக் கலங்கடிப்பதற்கென்றே பிறந்தவர் ஒரே ஒருவர்தான். கிராண்ட்பாஸ் காய்ச்சல் நானா.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கராஜ் பலகையில் பெயர் இருந்த இடத்தை எண்ணெய்க் கறை விழுங்கிவிட்டது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். காய்ச்சல் என்பது தொழிலால் வந்த பட்டம். வண்டி வந்தால் மற்றவர்களைப்போல் முதலில் சாவியைக் கேட்கமாட்டார். பொனட்டைத் திறந்து, புறங்கையை எஞ்சினில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற தாய்போல நிற்பார். வண்டிக்காரன் பக்கத்தில் நின்று வேர்ப்பான். பிறகு கண்ணைத் திறந்து, எஞ்சினைப் பார்க்காமல் வண்டிக்காரன் முகத்தைப் பார்த்து, "எத்தின நாளா இப்பிடி ஈக்குது?" என்று கேட்பார். சும்மா எண்ணெய் மாற்ற வந்தவனுக்கும் அதே கேள்விதான். வந்தவன் அன்றைக்கு நித்திரை கொள்ளமாட்டான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணத்துக்குச் சாப்பிடப் போனவர், மாப்பிள்ளை ஏறுவதற்காகப் பூச்சோடனையோடு நின்ற காரைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டார். "இதுல போகாதீங்க" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தகப்பன் வெலவெலத்து, மகனைத் தலைப்பாகையோடு ஓட்டோவில் ஏற்றினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வெறும் கார் பூவாடாமல் மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அரை மணித்தியாலம் பிந்தி, தலைப்பாகையைப் பிழிந்தபடி இறங்கினார். நானாவிடம் நியாயம் கேட்கப் போனார்கள். அவர் அசையவில்லை. "இண்டக்கி தப்பிட்டு. நாளைக்கிப் பாருங்க" என்றார். கார்க்காரன் ரோசத்தில் ஒரு வருஷம் தினமும் அந்தக் காரை நானாவின் கராஜ் வாசலால் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

ஊர் சிரித்தது. ஆனால் கொலன்னாவையில் இருந்து ஒருவர் வான் கொண்டுவந்த நாளோடு அந்தச் சிரிப்பு பாதியானது. நானா எஞ்சினைத் தொட்டார். பிறகு அதே கையை நீட்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த ஆளின் நெற்றியில் வைத்தார். "வான் நல்லா ஈக்குது. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். டெங்கு. இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் ஆபத்து என்று டாக்குத்தர் சொன்னாராம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என்னைப்போன்ற ஒருவன் அகப்பட்டால் என்ன ஆகும்? நான் இருபது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். பிழை பிடித்தே சோறு தின்றவனுக்கு ஒரு வியாதி வரும். நல்லதைப் பார்த்தால் நம்பிக்கை வராது. எங்கேயோ ஒரு பிழை ஒளிந்திருக்கிறது என்றே மனம் அடித்துக்கொள்ளும்.

அச்சகத்தை மூடினார்கள். தந்த காசில் எஞ்சின் இல்லாத பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். புது வண்டி இறக்குமதி நின்று, பழைய தகரத்துக்கெல்லாம் புது மரியாதை வந்திருந்த காலம் அது. வெள்ளவத்தையில் மூன்று மரக்கறிக் கடைக்காரர்கள் வாக்குத் தந்திருந்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் நுவரெலியாவில் இருந்து கரட்டும் லீக்ஸும் நான் கொண்டுவரவேண்டும். போகும்போது தேங்காயும் கருவாடும் ஏற்றிப்போகலாம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரு எஞ்சினுக்கான காசு. ஒன்றே ஒன்றுக்கு. பிழையானதை வாங்கிவிட்டால் திருத்தி மறுபடி அச்சடிக்க வழியில்லை.

பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் இரண்டு டீசல் எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று டர்போ. புது மாதிரி, பளபளப்பு, எங்கு பார்த்தாலும் சென்சர், உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பியூட்டர்தான் சொல்லும். மற்றது பழைய பம்ப் எஞ்சின். கறுப்பு இரும்புக் கட்டி. வயரே இரண்டு மூன்றுதான்.

மனைவியின் தம்பி கபிலன் டர்போ பக்கம். "அத்தான், டர்போ போட்டா ரம்பொடை ஏத்தத்தில பஸ்ஸையே ஓவர்டேக் பண்ணலாம்!" என்றான். காலி வீதியில் ஒரு சைக்கிளைக்கூட முந்தாதவன் நான். ஆனாலும் தேங்காய்ச் சுமையோடு மலை ஏறவேண்டுமே, அந்தக் கறுப்புக் கட்டி நடுவழியில் மூச்சை விட்டுவிட்டால்? தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து நன்மை தீமை எழுதினேன். காலையில் டர்போ வெல்லும். பின்னேரம் பம்ப் வெல்லும். ஐந்தாவது தாளில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இவ்வளவு யோசிச்சியளோ?"

யோசித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் நானாவிடம் போனேன். டீசல் எஞ்சினின் குணம் காலையில்தான் தெரியும் என்றார் அவர். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தது உடனே எழும்பினால் நல்ல பிள்ளை. அதனால் கள்ளக் கடைக்காரர்கள் ஆள் வருமுன்னமே ஒருதரம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிடுவார்களாம். "கட தொறக்கொள்ளயே நான் கைய வைக்கணும்" என்றார்.

மறுநாள் கடை முதலாளி கதவைப் பாதி தூக்கியதுமே நானா குனிந்து உள்ளே புகுந்துவிட்டார். பழையதைத் தொட்டார். ஐஸ். டர்போவைத் தொட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சூடு" என்றார்.

சிங்கள முதலாளி தனக்குத் தெரிந்த தமிழில் துடித்துப்போனார். "மாத்தயா, சத்தியமா ஸ்டார்ட் பண்ண இல்ல! இப்பதான் கதவு திறந்தது!" பக்கத்துப் பௌத்த பன்சலை இருந்த திசைக்குக் கைகூப்பிச் சத்தியமும் செய்தார்.

இரண்டாம் நாளும் போனோம். சூடு. நானா கையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் சாரத்தில் துடைத்தார். மூன்றாம் நாள், மீன் அடைத்த மாலு பாணில் பாதியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். காலைச் சாப்பாடு கிடைக்கவில்லையாக்கும், பாவம் என்று நினைத்தேன். உள்ளே போய் வழமையைவிடக் கூடுதல் நேரம் குனிந்து நின்றார். திரும்பி வரும்போது கடதாசிதான் கையில் இருந்தது.

"இண்டக்கும் சூடுதான் தம்பி. நெருப்பில்லாமப் பொகயுமா?"

எனக்குள் ஒரு நிம்மதி. பிழை கிடைத்துவிட்டது! இருபது வருஷம் அச்சுத்தாளில் தேடிக் கண்டுபிடித்த அதே சந்தோஷம். ஐந்து நிமிஷத்தில் பழைய எஞ்சினைப் பேசி முடித்தேன். அதை ஓடவிட்டுக் காட்டினார்கள். மூன்றாவது தரத்தில்தான் இருமிக்கொண்டு எழும்பியது. கடையும் தெருவின் பாதியும் புகையில் மறைந்தன.

கூட வந்திருந்த கபிலன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தான், நுளம்புக்கு மருந்தடிக்கிற மெஷினோ வாங்கிறியள்?" என்றான்.

நானா பத்து நாளில் எஞ்சினைப் பிக்கப்பில் இறக்கிப் பூட்டினார். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், எஞ்சின் இலக்கத்தைப் பதிவதற்கான சுங்கத் துண்டை வாங்கப் பஞ்சிகாவத்தைக்குத் தனியே போனேன். டர்போ அதே இடத்தில் கிடந்தது. அதன் தலையில், ஒரு சாக்குத் துண்டுக்கு மேலே, வெள்ளைப் பூனை ஒன்று நான்கு குட்டிகளோடு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.

"ஒரு மாசமா அங்கதான் மாத்தயா. ராவைக்கெல்லாம் அதுக்கு மேலதான்" என்றார் முதலாளி. "கதவு சத்தம் கேட்டா ஓடி ஒளியும். அன்னைக்கு எனக்கும் யோசனை வர இல்ல."

நான் அந்த எஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. பூனைச் சூடு.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. "என்னப்பா, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். என்ன சொல்வது? ஒரு பூனையை நம்பி முழுக் காசையும் இரும்புக் கட்டியில் போட்டுவிட்டேன் என்றா? மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. நானாவிடம் கேட்கவும் துணிவு வரவில்லை. கேட்டால் அவர் "ஓ, அப்பிடியா" என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை தேங்காய்ச் சுமையோடு கிராண்ட்பாஸுக்குப் போனேன், கடைசியாக ஒருதரம் காட்டிவிட்டுப் போகலாம் என்று. நானா தேத்தண்ணிப் பிளாஸ்கோடு வாசலில் நின்றார். கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எங்கை நானா?"

"ஒங்களோடதான்."

நம்பமுடியவில்லை. கராஜ் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் களனிப் பாலம் தெரியும். அதைத் தாண்டிப் போகாத மனிதர் என்று பெயரெடுத்தவர். மலை என்றால் அவருக்கு ஆகாது. பாலம் வந்தபோது கண்ணை மூடினார். கடுகண்ணாவையில் திறந்து, பள்ளத்தைக் கண்டுவிட்டு, மறுபடி மூடினார். புறங்கையை டேஷ்போர்டில் வைத்தபடியே வந்தார்.

ரம்பொடை ஏற்றம். இரண்டாம் கியர். எஞ்சின் உறுமியதே தவிர நடை கூடவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் எத்தனை என்று கண்ணாடியில் எண்ண முடியவில்லை. ஹோர்ன் சத்தம் மலையில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எனக்குக் கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கின. இனி இது ஏறாது, நடுவளைவில் நின்று பின்னால் உருளப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"நானா, அது பூனை!" என்று கத்திவிட்டேன்.

"எது?"

"டர்போவில இருந்த சூடு! பூனை படுத்த சூடு! அந்த எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. நாங்கள்தான் பிழையா வாங்கிப்போட்டம்!"

நானா கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமோ?"

"ரெண்டாம் நாளே தெரியும். கையில மயிர் ஒட்டீந்திச்சி. மூணாம் நாள் அதுக்குத்தானே மாலு பாண் கொண்டுபோன. நாலு குட்டி, பாவம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயமே மறந்துபோனது. "பிறகேன் சூடு சூடு எண்டு சொன்னனீங்கள்?"

"சூடுதானே ஈந்திச்சி. நான் பொய் செல்லல்ல." அவர் பெருமூச்சு விட்டார். "தம்பி, அது நல்ல எஞ்சின்தான். பயமில்லாத ஆளுக்கு. இந்த மாதிரி எடத்தில ஒரு சென்சர் போனா அது நிண்டுரும். கம்பியூட்டரத் தூக்கிக்கொண்டு ஆள் வாற வரைக்கும் நீங்க தனிய நிண்டு நடுங்குவீங்க. இந்தக் கெழட்டு எஞ்சின் நிண்டா எனக்கு போன்ல ஒரு கோல் எடுங்க. நான் கராஜில ஈந்தே செல்லித் தருவேன், கையாலயே எழுப்பிடலாம்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நல்லதச் சென்னா நம்புற ஆளா நீங்க? பிழ ஒண்டு காட்டினாத்தானே ஒங்களுக்கு மனசு ஆறும்."

இருபது வருஷம் நான் மற்றவர்களுக்குப் பார்த்த புரூஃபை, இந்த மனிதர் மூன்று காலையில் எனக்குப் பார்த்து முடித்திருக்கிறார். பழைய எஞ்சின் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அதே நடையில் ஏறிக்கொண்டிருந்தது.

"சூடேறுதோ நானா? ஒருக்கால் பாருங்கோ" என்றேன்.

நானா டேஷ்போர்டில் இருந்து கையை எடுத்தார். அன்று மலையில் முதல்தரமாகக் கண்ணைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அந்தப் புறங்கையை என் நெற்றியில் வைத்தார்.

"எஞ்சின் நல்லா ஈக்குது. இங்கதான் கொஞ்சம் சூடு" என்றார்.

அந்தக் கை குளிர்ந்து வெடவெடத்துக்கொண்டிருந்தது. என்னைவிடப் பத்து மடங்கு பயந்திருந்தார் மனிதர். பயந்துகொண்டே ஏறி வந்திருக்கிறார், எனக்காக. பின்னால் பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. கையை எடுங்கோ என்று நான் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் கரட் இறங்கியது. இப்போதும் ரம்பொடை ஏறி முடிந்ததும் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்துவேன். சொல்லிவைத்தாற்போல் போன் அடிக்கும்.

"எப்பிடி ஈக்குது?" என்பார்.

"எஞ்சின் நல்லா இருக்கு நானா."

"எஞ்சினயா கேட்டேன்?" என்று ஏசிவிட்டு வைத்துவிடுவார்.