ஒரு பிளக்ஸ், இரண்டு தாய்மாமன்

"தம்பி, டிசைன் முன்னாடி கம்ப்யூட்டர்ல இருக்கு. பின்னாடி பிரிண்ட் அடிக்கிற கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது!"

பழங்காநத்தத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வக்குமார் போனில் கத்தினான்.

"அது வேற சிஸ்டம், இது வேற சிஸ்டம்ணே. பாஸ்வேர்டுல மல்லுக்கட்டும். பாஸ்வேர்டையே எடுத்து விட்டுருங்க" என்றான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வெங்கடேஷ்பாபு.

எடுத்துவிட்டான். டிசைன் இருந்த ஃபோல்டர் திறந்துகொண்டது.

விடிந்தால் மகள் தமிழ்வாணிக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் இருவர். திருமங்கலத்துக் காளையும் காளவாசல் சங்கிலியும் வரப்புத் தகராறில் முகம் பார்ப்பதில்லை. "அவன் படம் இருந்தா நான் மண்டபத்துல கால் வைக்க மாட்டேன்" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தவும் முடியாது.

எனவே மண்டபத்தில் வாசலுக்கு ஒன்றாக இரண்டு பிளக்ஸ். முன்வாசலில் காளை மட்டும், பின்வாசலில் சங்கிலி மட்டும்.

"ரெண்டு அண்ணன்களையும் ஒண்ணா போட்டா என்னங்க?" என்று கேட்டாள் மனைவி ரோகிணி.

"மண்டபமே ரெண்டாயிரும். நீ போய் வேலையப் பாரு."

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு மேலே மாடி வீட்டுக்குப் போனாள்.

முதல் பிளக்ஸ் வந்தது. காளை சிரித்தார். பக்கத்தில் சங்கிலியும் சிரித்தார்.

செல்வக்குமார் சங்கிலியை அழித்து, சேவ் செய்து, மறுபடி அடித்தான். இம்முறை சங்கிலி இன்னும் நெருங்கி நின்றார்.

"தம்பி, அழிச்ச ஆளு திரும்பத் திரும்ப வாராருடா!"

"ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒத்துப்போகாதுண்ணே. ஒண்ணுல ஃபைல் திறந்திருக்கிறது இன்னொண்ணுக்குத் தெரியாது. கடைசியா யாரு சேவ் பண்றாங்களோ, அவங்க வச்சதுதான்."

"இங்க நான் ஒருத்தன்தானடா இருக்கேன்!"

ஃபைலுக்குப் பெயரை மாற்றினான். அப்போதும் இருவரும் வந்தார்கள். கம்ப்யூட்டர்களை அணைத்துப் போட்டு, சாமி கும்பிட்டு, மீண்டும் அடித்தான். காளையின் தோளில் சங்கிலி கையே போட்டுவிட்டார். அத்தோடு பிளக்ஸ் ரோலும் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் அந்த ஒன்றையே முன்வாசலில் கட்டினான்.

காலையில் காளை வந்தார். பிளக்ஸைப் பார்த்து அப்படியே நின்றார். பின்வாசலில் தன் படத்தைக் காணாமல் சண்டைக்கு வந்த சங்கிலியும் அங்கேயே நின்றார். செல்வக்குமார் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

"ஏன்டா, என் தோள்ல கை போட்ட மாதிரி போடச் சொன்னியா?" காளை பிளக்ஸைக் காட்டிக் கேட்டார்.

"நீங்கதான் என்னையும் சேத்துப் போடச் சொன்னீகளோன்னு நெனச்சேண்ணே."

காளை சங்கிலியின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். தமிழ்வாணி ஒரு காதைப் பெரியவர் மடியிலும் மறு காதைச் சின்னவர் மடியிலும் அழுது குத்திக்கொண்டாள். செல்வக்குமாரும் அழுதான்.

பந்தியில் வெங்கடேஷ்பாபுவுக்குத் தானே இன்னொரு வடை வைத்தான். "அந்தச் சிஸ்டம் ரெண்டையும் சரி பண்ணிறாத தம்பி. அதுக ஒத்துப்போகாததாலதான் இவுக ஒண்ணு சேந்தாக."

வெங்கடேஷ்பாபு வடையைப் பிட்டான். "சிஸ்டம் என்னண்ணே பண்ணுச்சு? உங்கள பாஸ்வேர்ட எடுக்க வைன்னு எங்கிட்டச் சொன்னதே, மாடியில லேப்டாப்போட உக்காந்து நீங்க அழிச்ச ஆளத் திரும்பத் திரும்ப வச்ச ரோகிணி அக்காதான்!"