ராஜா சாப்டாச்சா?

ஒரு காட்டுல ஒரு சிங்கம் ராஜாவா இருந்துச்சு. காலையில எந்திரிச்சா இன்னைக்கு நம்மளா, பக்கத்து வீட்டுக்காரனான்னு ஆடுங்களுக்கெல்லாம் பயம். அதனால ஒரு ஒப்பந்தம் போட்டுச்சுங்க.

சிங்கம் சொல்லுச்சு: "என் குடிமக்களை நான் தொட மாட்டேன். வெளியாளுங்கதான் எனக்குச் சாப்பாடு. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் சாப்ட்டப்புறம்தான் நீங்க மேயணும்."

ஆடுங்க தலையாட்டுச்சுங்க. வேற என்னத்த ஆட்ட முடியும்?

புல்லு குறைஞ்சதும் கொஞ்சம் ஆடுங்க ஆத்துக்கு நடுவுல இருந்த தீவுக்குக் குடிபோச்சுங்க. "ஆளே இல்லாத தீவு!"ன்னு ஒரே கும்மாளம். அங்க காலங்காலமா இருந்த முயலுங்க எதிர்லயே நின்னு அதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. ஆடுங்க அதுங்களுக்கும் வரிசை சொல்லிருச்சுங்க: முதல்ல ராஜா, அப்புறம் நாங்க, அப்புறம் நீங்க.

ராஜா சாப்ட்டது தீவுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் போன்ல ஒரு குரூப். தினம் காலையில ஆட்டுத் தலைவர் கொம்பையா "ராஜா சாப்டாச்சா?"ன்னு போடுவாரு. அங்கேருந்து காலித் தட்டு போட்டோ வரும். உடனே மேய்ச்சல்.

ஒருநாள் போட்டோ வரல. மத்தியானமும் வரல. சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு: "டாக்டர் கரடி வெயிட்டைக் குறைக்கச் சொல்லிட்டாரு. இந்த வாரம் பூரா விரதம்."

"வாரம் பூராவா!" கொம்பையாவுக்குத் தாடியே தொங்கிப்போச்சு. ஏற்கெனவே தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் தொங்குச்சு.

முயல் சின்னாத்தா நிலைமை அதைவிட மோசம். வளைக்குள்ள கண்ணு தொறக்காத நாலு குட்டி. அவ சாப்ட்டாத்தான் அதுங்களுக்குப் பால். நேரா கொம்பையாகிட்ட வந்தா.

"அண்ணே, அவரு தொப்பை குறையறதுக்கு நீங்க எதுக்கு வயித்தக் காயப்போடறீங்க?"

"மரியாதைம்மா."

"அவரு அந்தக் கரையில. நீங்க இங்க. இவ்ளோ பெரிய தாடிய வச்சுக்கிட்டு…"

தாடிய வம்புக்கு இழுத்ததும் ரோஷம் வந்துருச்சு. கொம்பையா மேட்டுல ஏறி நின்னாரு. "இனிமே நாங்க ராஜாவோட குடிமக்கள் இல்ல! எங்க வாய், எங்க புல்லு!" அதையே குரூப்லயும் போட்டாரு. ஒரு ஆடு பாக்கியில்லாம குரூப்பை விட்டு வெளிய வந்துச்சு. அப்புறம் பாருங்க, நறுக் நறுக்குனு ஒரே மேய்ச்சல்.

சின்னாத்தாவும் ஒரு புல்லை வாயில வச்சா.

"ஏய் ஏய்! வரிசை!"

"இப்பத்தானேண்ணே விடுதலை?"

"ஆமா, வரிசையிலேருந்து ராஜாவத் தூக்கியாச்சு. நீ ஒரு எடம் முன்னாடி வந்திருக்க. சந்தோஷப்படும்மா!"

சின்னாத்தா புல்லைக் கீழ போட்டா. "சரிண்ணே. ஒரு சந்தேகம். குடிமக்களைத்தானே ராஜா தொட மாட்டேன்னாரு?"

"ஆமா."

"நீங்க இப்ப யாரு?"

கொம்பையா வாயில மெல்லறது பாதியில நின்னுச்சு. ஆத்துல சளக் சளக்குனு சத்தம். நனைஞ்ச பிடரியோட ஒரு தலை நீந்தி வந்துக்கிட்டு இருந்துச்சு.

ஆடுங்க அலறியடிச்சு, சிங்கம் ஏற முடியாத செங்குத்துப் பாறை உச்சிக்கு ஏறிருச்சுங்க. சிங்கம் கீழ உக்காந்து அண்ணாந்து பாத்துச்சு. பழக்கதோஷம், மேலேருந்து கொம்பையா கேட்டாரு:

"ராஜா… சாப்டாச்சா?"

"இன்னும் இல்லப்பா. உன் மெசேஜப் பாத்துட்டுத்தான் விரதத்தையே விட்டேன்."

"ஐயா, எங்களத் திரும்ப குரூப்ல சேத்துக்கங்கய்யா!"

"சாப்ட்டுட்டுச் சேத்துக்கறேன்."

பாறைக்கு அந்தப் பக்கம், வளை வாசல்ல ஒரு காலை வச்சுக்கிட்டு, சின்னாத்தா வயிறு முட்ட மேஞ்சா. அவள எந்த ராஜாவும் எந்த குரூப்லயும் சேத்ததில்ல. அதனாலதான் முயலுங்க அப்பவே வளை தோண்டி வச்சிருந்துச்சுங்க.

நீதி: விடுதலை கேக்கறதா இருந்தா, ராஜா சாப்ட்டப்புறம் கேளுங்க.